எந்த மாதத்துப் படம்? கமார்க் ஈரநிலத் தேர்வில் விழுந்து எழுந்த அனுபவம்

ரிசல்ட் நேற்று மாலை வந்தது. 20க்கு 14. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஈரநிலத்தை வரைபடமாக்கும் பாடம். ஜூனில் இதே பாடத்தில் 7.5 வாங்கி, நம் பாஷையில் சொன்னால் அரியர் வைத்துவிட்டு, கோடை முழுக்க யாரிடமும் சரியாகப் பேசாமல் திரிந்தவள் நான். அதனால் இது டாப்பர் தரும் அறிவுரை இல்லை. எங்கள் வகுப்பில் 17 வாங்கிய ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டால் "எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது" என்பார், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விழுந்தவளிடம் கேளுங்கள், பள்ளம் எங்கே என்று எனக்குத்தான் தெரியும்.

எழுத்துத் தாள், செய்முறை, வாய்மொழி மூன்றும் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எழுத்துக்குப் பழைய வினாத்தாள்கள் போதும். ஆளைக் கவிழ்ப்பது செய்முறையும் வாய்மொழியும்தான்.

எனக்கு வந்த இடம் தெற்கு பிரான்சின் கமார்க். ஆர்ல் நகரத்துக்குச் சற்று மேலே ரோன் ஆறு இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிற டெல்டா, நடுவில் வக்காரேஸ் காயல், தென்கிழக்கில் உப்பளங்கள், சுற்றிலும் நாணல் காடு, நெல் வயல். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து ஈரநில வரைபடம் போட வேண்டும், பாதுகாப்புக்கு மூன்று பரிந்துரை எழுத வேண்டும். கேட்டவுடன் சந்தோஷப்பட்டேன், பூநாரை இருக்கிற ஊர், படம் அழகாக வரும் என்று.

செய்தது இதுதான்: மேகம் 10 சதவீதத்துக்குக் கீழே என்று வடிகட்டி வைத்தேன், ஒரு வருடத்துக்கு 11 படம் கிடைத்தது, எல்லாவற்றுக்கும் மீடியன் (ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பு) எடுத்தேன், நிலவகைகளைப் பிரிக்கிற ராண்டம் ஃபாரஸ்ட் நிரலை ஓட்டினேன், மொத்தத் துல்லியம் 94 சதவீதம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த 11 படத்தில் 9 ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுத்தவை என்பதை நான் திறந்தே பார்க்கவில்லை.

வாய்மொழி கேட்கிற ஜூரியில் கடைசி வரை பேசாமல் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எந்த மாதத்துப் படம்?"

கோடை, மேகம் குறைவு என்பதால், என்றேன்.

வரைபடத்தில் வக்காரேஸுக்கு வடக்கே நேர்கோட்டு விளிம்போடு கட்டம் கட்டமாக இருந்த பச்சை நீலத்தைக் காட்டி, "இது?" என்றார்.

"நன்னீர்ச் சதுப்பு."

"நெல்" என்றார். அவ்வளவுதான். பேனாவை மூடிவிட்டார்.

நான் திருவாரூர்ப் பக்கத்துப் பெண். வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். அன்று இரவு போனில் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "வயல்ல தண்ணி நின்னா அதைப் போய் ஏரின்னு எழுதுவியா?" ஜூரியை மன்னித்துவிட்டேன், இந்தக் கேள்வியை இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், மத்தியதரைக் கடல் பக்கம் மழை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்கிறது. இயற்கையான சதுப்பு அப்போது நிரம்பி, ஜூன் ஜூலையில் வற்றி வெடித்துக் கிடக்கும். மனிதன் தண்ணீர் கட்டுவதோ நேர் எதிர். கமார்க்கில் ஏப்ரல் கடைசி, மே வாக்கில் வயலில் ரோன் தண்ணீர் விட்டு நெல் விதைக்கிறார்கள், செப்டம்பரில் அறுவடை தொடங்குகிறது. வாத்து வேட்டைக்கான சதுப்புகளிலும் சீசனுக்கு முன்பே, கோடை நடுவில், தண்ணீர் ஏற்றிவிடுவார்கள். ஆக, கோடைப் படத்தை மட்டும் வைத்து வரைந்தால் வயலும் வேட்டைச் சதுப்பும் ஈரநிலம், காக்க வேண்டிய தற்காலிகக் குட்டைகள் எல்லாம் வெறும் தரை. என் வரைபடம் கொஞ்சம் தப்பு இல்லை, தலைகீழ். மேக வடிகட்டிதான் என்னைக் கவிழ்த்தது. மேகமில்லாத படம் கேட்டால் அது கோடையைத்தான் தரும்.

அதனால் என் ஒரே அறிவுரை, மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை: மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் 12 மாதக் கட்டம் போடுங்கள். நிலவகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தண்ணீர் நிற்கும் மாதத்தை நீலத்தால் தீட்டுங்கள், பச்சை ஏறும் மாதத்தைப் பச்சையால். கட்டத்தை ஜனவரியில் தொடங்காதீர்கள், செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடியுங்கள், நீரியல் ஆண்டு அப்படித்தான் ஓடுகிறது. எந்த இரண்டு வரிகள் எந்த மாதத்தில் ஒன்று போலத் தெரிகின்றன, எந்த மாதத்தில் பிரிகின்றன என்று தாளிலேயே தெரிந்துவிடும், பிரிகிற மாதத்துப் படத்தைத் தேடி எடுங்கள், அதில் 40 சதவீதம் மேகம் இருந்தாலும் சரி. நான் கையால் எழுதாமல் எதுவும் மண்டையில் ஏறாத ரகம், எக்செல்லில் போட்டாலும் வரும் என்று சொல்வார்கள், எனக்குத் தெரிந்து அப்படிப் போட்ட யாரும் அதைத் திரும்பப் பார்த்ததில்லை.

செப்டம்பர் மறுதேர்வில் எனக்கு இந்தத் தாள்தான் மார்க் வாங்கித் தந்தது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட் என மூன்றே தேதிகள். பிப்ரவரியில் ஈரம், ஆகஸ்டில் காய்ந்த தரை என்றால் இயற்கைச் சதுப்பு. பிப்ரவரியில் காய்ந்து மே மாதம் தண்ணீர், ஆகஸ்டில் அடர் பச்சை என்றால் நெல். சொன்னால் சிரிப்பீர்கள், துல்லியம் 94லிருந்து 88க்கு இறங்கியது, மார்க் 7.5லிருந்து 14க்கு ஏறியது.

ஏன் இறங்கியது என்றும் கேட்பார்கள். முதல் தடவை என் சரிபார்ப்புப் புள்ளிகளில் பாதிக்கு மேல் கடலும் கோதுமை வயலும். அதைக் குருடன்கூடச் சரியாகச் சொல்வான். மிச்சம், பயிற்சிப் புள்ளிக்குப் பக்கத்து பிக்சலையே சோதனைக்கும் எடுத்திருந்தேன். மொத்தத் துல்லியத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, வகைவாரியாகச் சொல்லுங்கள், நாணலில் எத்தனை தவறியது, உவர்நிலத்தில் எத்தனை என்று.

பள்ளங்கள், வரிசை இல்லாமல்:

– என்.டி.டபிள்யூ.ஐ. (இரண்டு ஒளிப்பட்டைகளை ஒப்பிட்டு நீரைக் காட்டும் குறியீட்டு எண்) என்ற ஒரே பெயரில் இரண்டு இருக்கிறது, இரண்டும் 1996. ஆய்வாளர் மெக்ஃபீட்டர்ஸ் சொன்னது பச்சையும் அண்மை அகச்சிவப்பும், திறந்த நீருக்கு. காவ் சொன்னது அண்மை அகச்சிவப்பும் குறு அலை அகச்சிவப்பும், இலையில் உள்ள ஈரத்துக்கு. எதை என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். 2006ல் ஷூ மாற்றியமைத்தது பச்சையும் குறு அலையும், அந்தக் குறு அலைப் பட்டையின் பிக்சல் சென்டினல்-2ல் 20 மீட்டர், 10 அல்ல.

– உப்புப் படிந்த வெள்ளைத் தரையை மேகத்தை நீக்குகிற நிரல் மேகம் என்று எண்ணி வெட்டி எறிந்துவிடும். உப்பளப் பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறதா பாருங்கள்.

– கமார்க்கில் கூரை வேய நாணலைக் குளிர்காலத்தில் அறுக்கிறார்கள். அறுத்த இடம் பிப்ரவரிப் படத்தில் திறந்த நீர் போலத் தெரியும். நாணல் அழிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், என் நண்பர் எழுதினார்.

– ஐரோப்பாவின் கோரின் நிலப்பரப்பு வரைபடத்தின் மிகச் சிறிய அலகு 25 ஹெக்டேர். தற்காலிகக் குட்டைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. அங்கே இல்லை என்பதால் நிலத்தில் இல்லை என்று ஆகாது.

– 1984லிருந்து அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்து உருவாக்கிய உலக மேற்பரப்பு நீர்த் தரவு அருமையானது, ஆனால் திறந்த நீர் மட்டும்தான். செடிக்கு அடியில் நிற்கும் தண்ணீர் அதில் வராது.

ரேடார் பற்றித் தனியாக. மேகம் தொல்லை என்றால் மேகத்தைத் தாண்டிப் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1 போடு என்று எல்லா ஸ்லைடிலும் இருக்கும். அமைதியான நீர் ரேடாரில் கறுப்பு, சரி. ஆனால் இது மிஸ்ட்ரால் என்ற பலத்த வடகாற்று அடிக்கிற பூமி. வக்காரேஸ் ஆழமில்லாத பெரிய பரப்பு, காற்று வீசினால் அலை எழும்பி ரேடாரில் வெளுத்துவிடும், நீர் என்று பிரிக்க வைத்த வரம்பு எண் காயலைத் தூக்கித் தரை ஆக்கிவிடும். அந்த நாளின் காற்று வேகத்தைப் பாருங்கள். அப்புறம், சென்டினல்-1ன் அலைநீளம் 5.6 செ.மீ. சுற்று, அடர்ந்த நாணலைத் தாண்டிக் கீழே போகாது. கீழே பார்க்க 24 செ.மீ. பக்கம் உள்ள எல்-பேண்ட் ரேடார் வேண்டும். இந்த ஒரு வரிக்கு ஜூரியில் ஒருவர் தலையாட்டினார், மறக்கவே மாட்டேன்.

பாதுகாப்புப் பரிந்துரையில் பாதிப் பேர் "விழிப்புணர்வு" என்று எழுதி மார்க்கைத் தொலைக்கிறார்கள். 1971 ராம்சார் ஒப்பந்தத்தின் வரையறையில் நெல் வயலும் உப்பளமும்கூட ஈரநிலம்தான், அதனால் மொத்தப் பரப்பைச் சொன்னால் யாரையும் ஏமாற்றலாம். மத்தியதரைப் பகுதியில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ பாதி இயற்கை ஈரநிலம் போய்விட்டது என்று அங்குள்ள ஈரநில ஆய்வகம் 2018ல் சொன்னது. அதே காலத்தில் நீர்த்தேக்கங்கள் கூடின. இரண்டையும் கூட்டினால் நஷ்டம் பாதி மறைந்துபோகும். இயற்கை, செயற்கை இரண்டையும் தனித்தனிப் பத்தியில் காட்டுவதுதான் முதல் பரிந்துரை என்று எழுதினேன்.

அடுத்தது, மதகு யார் கையில்? கமார்க்கில் நீர் மட்டம் பெரும்பாலும் மனிதன் திறந்து மூடுகிற விஷயம். வயல் வடிகால் வக்காரேஸுக்குள் வருகிறது. கோடையிலும் நன்னீர் நிற்கும் குட்டை, கோடையில் தரை காயவேண்டிய செடிகளுக்குச் சாவு. ஆக "தண்ணீர் விடுங்கள்" என்பது எல்லா இடத்துக்கும் பரிந்துரை ஆகாது, சில இடத்தில் "ஜூலையில் காயவிடுங்கள்" என்பதுதான் பாதுகாப்பு.

ஒப்பீட்டுக்கு இரண்டு இடம் போதும். ஸ்பெயினின் டோன்யானா ஈரநிலம்: சுற்றிலும் ஸ்ட்ராபெர்ரிக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள், 2021ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, அங்கே எப்போதும் நீர் இருக்கும் மிகப் பெரிய சாந்தா ஒலாயா குளம் 2022, 2023 இரண்டு கோடையும் வறண்டது. பிளாஸ்டிக் கூடாரம் செயற்கைக்கோளில் பளிச்சென்று தெரியும், கிணறு தெரியாது, இதைச் சொல்லுங்கள். துனிசியாவின் இஷ்கெல் ஏரி: மேலே அணைகள் வந்து நன்னீர் குறைந்து உப்பு ஏறியது, 1996ல் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து 2006ல் நீக்கினார்கள். பரப்பை மட்டும் அளந்துகொண்டிருந்தால் அந்த உப்பைப் பார்த்திருக்க முடியாது.

தேர்வு நாளுக்கு:
– படங்களின் தேதிப் பட்டியல் முதல் ஸ்லைடில். தலைப்புக்கும் முன்னால் என்றாலும் சரி.
– முந்தைய ராத்திரி புதிதாக எதையும் ஓட்டாதீர்கள்.
– குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்து வரவில்லை, உங்களுக்கு வந்தால் செய்யுங்கள்.
– தெரியாத கேள்விக்கு "அந்த மாதத்துப் படம் என்னிடம் இல்லை" என்பது மரியாதையான பதில்.

முடிந்தால் ஒருமுறை நேரில் போங்கள். நான் ஜூலை நடுவில் போனேன், கடல் கரையணை வழியே கஷோல் கலங்கரை விளக்கம் வரை நடந்தேன், கொசு தின்றுவிட்டது. என் வரைபடத்தில் பிப்ரவரியில் நீலமாக இருந்த ஒரு இடத்தில் நின்றேன், தரை பாளம் பாளமாக வெடித்து, செருப்பில் உப்பு ஒட்டியது. அங்கே நின்றபடி எடுத்த போட்டோதான் செப்டம்பரில் என் இரண்டாவது ஸ்லைடு. அடியில் தேதி போட்டிருந்தேன்.