நாலு பக்கமும் பலகை

சிங்கப்பூரின் தரைவீட்டுப் பேட்டையில் ஒரு சந்திப்பு ஆபத்தானது என்று பட்டுவிட்டால், குடியிருப்பாளர்கள் முதலில் கேட்பது ஸ்டாப் பலகை. அதுவும் நாலு பக்கமும். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே எல்லா வண்டியும் நின்று நின்று போவதை விவரிப்பார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. சிறிய சாலையில் வருபவர் வழிவிட வேண்டும். பெரிய சாலையில் வருபவர் நிற்காமல் போவார்.

அப்படி ஒரு சந்திப்பை அளந்து பரிந்துரை எழுதப் போயிருந்தேன். அங்கே முனைவீட்டு அம்மா இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரு பலகை நட இவ்வளவு கணக்கா?" என்றார். "பலகை வெச்சா மட்டும் வண்டி நின்னுடாதும்மா" என்றேன். சொன்னது சரிதான். அவர் கேட்டதற்கு அது பதிலா என்பதுதான் குடைந்துகொண்டே இருக்கிறது.

கணக்கு வீம்புக்காகப் போடுவதல்ல. பார்வை தெளிவாக இருக்கும் சந்திப்புக்குத் தலைகீழ் முக்கோண 'வழிவிடு' பலகையே போதும். கோட்டில் நின்று பார்க்காமல் எதிர்வண்டி தெரியாது என்கிற இடத்துக்குத்தான் எண்கோண ஸ்டாப் பலகை. அதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். சிறிய சாலையின் கோட்டுக்கு 2.4 மீட்டர் பின்னால் ஒருவர் குனிந்து, ஓட்டுநரின் கண் உயரத்தில், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, கண்ணை வைத்துக்கொள்வார். இன்னொருவர் பெரிய சாலையில் வலப்பக்கமாக நடப்பார். அவர் எங்கே மறைகிறாரோ அதுவரை டேப் பிடிக்க வேண்டும். பிறகு இடப்பக்கம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்குப் பதினான்கு மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் சுதாரிக்க 2.5 வினாடி என்று வைத்தால் அதிலேயே 35 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 28 மீட்டர். ஆக 63 மீட்டர் தெரிய வேண்டும். வேகம் 30 ஆக இருந்தால் 31 மீட்டரே போதும்.

ஒரே நாளில் அளந்தால் ஏமாந்துபோவோம். காலை பத்து மணிக்குக் காலியாக இருக்கும் முனையில் இரவு வேன் நிற்கும். குப்பைத்தொட்டிகளை வெளியே வைக்கும் நாளில் பார்வை இன்னும் குறுகும். வேலிச்செடி மழைக்காலத்தில் சட்டென்று வளர்ந்துவிடும். வேன் நிற்கும் முனையில் ஓட்டுநர் கோட்டில் நின்றும் பயனில்லை. ஒன்றும் தெரியாமல் மூக்கை நீட்டி நீட்டி முன்னே வருவார். அதனால் பலகையைவிட, ஓரத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுக்கும் மஞ்சள் கோடு முக்கியம், அதிலும் எந்நேரமும் தடுக்கும் இரட்டைக் கோடு. ஒற்றைக் கோடு திங்கள் முதல் சனி வரை காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான் தடுக்கும். விருந்தாளிகளின் கார்கள் வருவதோ இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்.

பரிந்துரை இதுதான்: சிறிய சாலையின் இரண்டு பக்கமும் ஸ்டாப் பலகை, முனைகளில் இரட்டை மஞ்சள் கோடு. பெரிய சாலையில் எதுவும் இல்லை.

நாலு பக்கமும் வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். பெரிய சாலையில் வருபவர் குறுக்கே யாரும் இல்லாததைப் பார்த்துப் பார்த்து, நிற்காமலே உருண்டு போகப் பழகிவிடுவார். இழந்த நேரத்தைப் பிடிக்க அடுத்த சந்துவரை வேகமெடுப்பார். முதலில் வந்தவர் முதலில் போவது என்ற ஒழுங்கு இங்கே பழக்கத்தில் இல்லாததால், நாலு பேரும் தயங்குவார்கள் அல்லது நாலு பேரும் கிளம்புவார்கள். நாலு பக்கப் பலகை பிறந்த அமெரிக்காவிலேயே, வேகத்தைக் குறைப்பதற்காக ஸ்டாப் பலகை வைக்கக் கூடாது என்கிறது சாலைப் பலகைகளுக்கான அவர்களுடைய தேசியக் கையேடான எம்.யு.டி.சி.டி. நாலு பக்கமும் வைப்பதற்கு 2009 பதிப்பில் ஓர் அளவுகோல், பெரிய சாலையில் எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக மணிக்கு 300 வண்டி. நம் பேட்டைச் சந்தில் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அதே கையேடு சிறிய சாலைக்குச் சொல்லும் 200 என்ற எண்ணில் வண்டிகளோடு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்த்தி. அந்த வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அந்த அம்மா கார் ஓட்டுவதில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போக அவர் கடப்பது பெரிய சாலையை. நான் எழுதிய இரண்டு பலகையும் அந்தச் சாலையில் எந்த வண்டியையும் நிறுத்தப்போவதில்லை. வேகத்துக்குப் பயந்து மாலையில் கடக்காமலே இருந்துவிடுகிற ஒருவர், மாலை எண்ணிக்கையில் எப்படி வருவார்?

அதற்கு மருந்து பலகை அல்ல, வேகத்தடை அல்லது சந்திப்பையே மேடாக்குவது. மூத்தோர் அதிகம் உள்ள வட்டாரங்களில் 2014 முதல் வந்த சில்வர் ஸோன் திட்டம் செய்வதும் அதைப்போன்றதுதான். மேடு போட்டால் மழைநீர் எந்தக் கால்வாய்க்குப் போகும், பக்கத்து வீட்டுக்கு இரவில் சத்தம் எவ்வளவு என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும், அக்கம்பக்கத்தார் சம்மதமும் வேண்டும். பரிந்துரை வரம்பில் அது இல்லை என்பது உண்மை. வரம்பைத் தாண்டி ஒரு பத்தி எழுதியிருந்தால் யாரும் தடுத்திருக்கப் போவதில்லை என்பதும் உண்மை.

நாலு பக்கப் பலகைக்கு இன்று கேட்டாலும் ஒப்பமாட்டேன். ஆனால் எண்ணிக்கைத் தாளில், கடக்க வந்து காத்திருந்து திரும்பிப் போனவர்களுக்கென்று இப்போது தனியாக ஒரு கட்டம் போடுகிறேன். அதில் விழும் எண்ணை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.