தடைக்காலத்துல ஆள் இருக்கு, சீசன்ல காசு இருக்கு: எங்க வீட்டு ஆஸ்பத்திரி வேலைய நான் பிரிச்சு வச்ச கதை

நாங்க ராமேஸ்வரம் தீவுல இருக்க தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகுல பங்குக்கு (புடிக்கிற மீன்ல ஒரு பங்கு தான் கூலி) போறவர், ரெண்டு பிள்ளைங்க, கூட மாமியார். கடல்காரங்க வீட்ல ஒரு சிக்கல் என்னன்னா சீசன்ல கையில காசு புழங்கும், ஆனா ஆம்பள வீட்ல இருக்க மாட்டாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்ப ஆள் வீட்டுலயே இருப்பாரு, காசு தான் இருக்காது. பிள்ளைக்கு ஊசி, கண் டெஸ்ட், பல்லு, கார்டு எடுக்கிறதுன்னு எதைத் தொட்டாலும் ஒண்ணு கூட வர ஆள் வேணும் இல்லன்னா காசு வேணும். இத ரெண்டா பிரிச்சு, ஆள் வேண்டிய வேலை எல்லாம் தடைக்காலத்துல, காசு வேண்டிய வேலை எல்லாம் ஜூன் 15க்கு அப்புறம்னு ஒரு காலண்டர் போட்டு ஒரு வருஷம் ஓட்டியாச்சு. எங்க தெருவுல சிலர் கேட்டாங்க எப்படி பண்ணினன்னு, அதான் எழுதுறேன்.

முதல்ல கிழமைக் கணக்கு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி தான் கடலுக்குப் போக டோக்கன், மத்த நாள் நாட்டுப்படகுக்கு. காலையில போனா மறுநாள் காலையில தான் கரைக்கு வருவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி நாள் எது? புதன்! அதாவது ஊசி போடுற அன்னைக்கு இவர் நடுக்கடல்ல, மறுநாள் வந்து மீன் இறக்கிட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. சின்னவனுக்கு 5 வயசு முடிஞ்சு போட வேண்டிய டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கு போடுற ஊசி) நிறைய பேர் வீட்ல விட்டுப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன், ஒன்றரை வயசு ஊசியோட எல்லாம் முடிஞ்சுதுன்னு தடுப்பூசி அட்டைய பீரோவுக்குள்ள வச்சிருவாங்க. முடியல. 5 வயசுல ஒண்ணு இருக்கு, அப்புறம் 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கு) இருக்கு. பெரியவளுக்கு 10, சின்னவனுக்கு 5, ரெண்டும் ஒரே வருஷத்துல வந்துச்சு, தடைக்காலத்துல ஒரு புதன்கிழமை ரெண்டு பேரையும் இவரே கூட்டிட்டுப் போனாரு. சின்னவன் நர்ஸம்மா ஊசிய எடுக்கிறதுக்குள்ளயே "அப்பா கடலுக்குப் போவோம் வா"ன்னு கைய புடிச்சு இழுத்திருக்கான். கையில தான் போட்டாங்க, அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், எடைக்குத் தக்க பாராசிட்டமால் சிரப் குடுத்தாங்க, மறுநாள் சாயங்காலம் பந்து விளையாடப் போயிட்டான்.

யாருக்காவது நடுவுல ஊசி விட்டுப் போயிருந்தா பயந்துக்கிட்டு அட்டைய மறைக்காதீங்க. முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியது இல்ல, விட்ட இடத்துல இருந்து தொடருவாங்க. அட்டை தொலைஞ்சாலும் எங்க ஊசி போட்டீங்களோ அங்க போய் கேளுங்க, கிராம நர்ஸ் கிட்ட ரிஜிஸ்டர் இருக்கும்.

அடுத்தது காப்பீட்டு கார்டு, இதுதான் ரொம்ப இழுத்துச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், வருஷ வருமானம் 1,20,000க்கு உள்ள இருக்க குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்தியம். வேணுங்கிறது ரேஷன் கார்டு, எல்லாரோட ஆதார், விஏஓ கிட்ட வருமானச் சான்று. எடுத்துட்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்க காப்பீட்டு மையத்துக்குப் போகணும், அங்கயே போட்டோ எடுப்பாங்க. கேட்க லேசா இருக்கும். ஆனா சின்னவன் பேர் ரேஷன் கார்டுல சேக்கலன்னா அவன் காப்பீட்லயும் வர மாட்டான், ரேஷன் கார்டுல சேக்கணும்னா அவனுக்கு ஆதார் வேணும், ஆதாருக்கு பிறப்புச் சான்றிதழ் வேணும், அந்த சான்றிதழ்ல பேர் இருக்கணும் (பிறந்து 12 மாசத்துக்குள்ள பேர் சேத்தா கட்டணம் கிடையாது, அதுக்கு அப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வயசு வரைக்கும் சேக்கலாம்). ஒண்ணோட வால ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கும். ஒரு இ-சேவை மையத்துல சர்வர் இல்ல சர்வர் இல்லன்னே ஒரு வாரம் ஓட்டினாங்க, கடைசியில வேற மையத்துல அரை மணி நேரத்துல முடிஞ்சுது, அதனால ஒரே இடத்துல காத்துக் கிடக்காதீங்க. அஞ்சு வயசு ஆன பிள்ளைக்கு ஆதார்ல கைரேகை புதுசா பதியணும், அதையும் அப்பவே முடிச்சிருங்க, இன்னொரு அலைச்சல் மிச்சம்.

எதுக்கு இந்த கார்ட தடைக்காலத்துல எடுக்கச் சொல்றேன்னா குடும்பத்துல எல்லாரும் ஒரே நாள்ல சேர்ந்து பஸ் ஏறி பாம்பன் பாலம் தாண்டி ராம்நாடு போக அப்பத்தான் முடியும். இன்னொன்னும் சொல்லிடறேன், இது படுத்து வைத்தியம் பாக்கிறதுக்கும் ஆபரேஷனுக்கும் தான், சும்மா காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிட்டு வர்றதுக்கு கிடையாது. கார்டு நம்பர போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வச்சுக்கோங்க, அவசரத்துல பீரோ சாவி கிடைக்காது.

இவரையும் அந்த ரெண்டு மாசத்துல தான் புடிக்க முடியும். "எனக்கு என்ன, நல்லாத்தான இருக்கேன்"னாரு. "நல்லா இருக்கையில பாத்தா ஓசி, முடியாமப் போய் பாத்தா கடன், எது வேணும்"னேன், பேசாம சட்டைய மாட்டிக்கிட்டு வந்தாரு. பிரஷர், சுகர் பாத்தாங்க, வாய்க்குள்ள லைட் அடிச்சு பாத்தாங்க, கடல்ல போற ஆம்பளைங்க பாதி பேர் வாயில புகையிலைய ஒதுக்கி வச்சிருக்காங்க இல்ல, அதுக்குத்தான். மாமியாருக்கு பிரச்சனை இல்ல, 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு பிரஷர் சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கிறாங்க. அவங்களோட எனக்கு இருக்க சண்டை எல்லாம் கருவாடு தான். அத்தை, ரெண்டு துண்டு போதும்னா "உங்க மாமனாரு சட்டி நிறைய தின்னுட்டு எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு"ம்பாங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

லீவுல பிள்ளைங்கள என்ன பண்றதுன்னு டவுன்காரங்க சம்மர் கேம்ப்னு காசு கட்றாங்க, நமக்கு கடல் இருக்கு, சொல்லிக்குடுக்க அப்பனும் வீட்ல இருக்கான். நீச்சல் பழக்க தடைக்காலத்த விட்டா நேரம் இல்ல. ஆனா எந்தக் கரைன்னு பாக்கணும். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கையில தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும், அப்ப வடகடல்ல இறக்குங்க. வாடை காலத்துல அப்படியே தலைகீழ். காலையில வெயில் ஏறதுக்குள்ள ஏறி வந்திரணும். சொறி (ஜெல்லி மீன்) பட்டுச்சுன்னா நல்ல தண்ணி ஊத்தாதீங்க, மண்ண போட்டு தேய்க்காதீங்க, கடல் தண்ணியாலயே கழுவி ஒட்டியிருக்கிறத ஒரு அட்டையால எடுத்துட்டு, மூச்சு இழுத்தாலோ உடம்பெல்லாம் தடிச்சாலோ நேரா ஆஸ்பத்திரி. திருக்கை முள்ளு குத்தினா தாங்குற சூட்டுல வெந்நியில கால வச்சுக்கிட்டே கிளம்புங்க, வலி அடங்கும், முள்ளு ஆழமா இருந்தா நீங்களே புடுங்காதீங்க.

அந்த மாசத்துல வயித்தால போறதும் ஜாஸ்தி, காவிரித் தண்ணி வராத நாள்ல கிடைச்ச தண்ணிய குடிக்கிறோம்ல. காய்ச்சி குடுங்க. ஓஆர்எஸ் பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர்ல கலக்கணும், டம்ளர்ல பாதி பாதியா போட்டுக் குடுக்கக் கூடாது, உப்பு அளவு மாறிரும். டாக்டர் ஜிங்க் மாத்திரை எழுதினா வயிறு நின்ன பிறகும் 14 நாள் குடுத்து முடிக்கணும். வெயிலுக்கு நுங்கு, பதநீ எல்லாம் தாராளமா குடுங்க, வியர்க்குருவுக்கு நுங்குத் தண்ணி தடவுறது எங்க ஆத்தா சொன்னது, நான் இன்னமும் பண்றேன்.

ஜூன் 15 படகு கடலுக்குப் போனா முதல் ரெண்டு மூணு வாரம் மீன்பாடு நல்லா இருக்கும். அந்தக் காசு வந்ததும் பள்ளிக்கூட செலவுக்கு முன்னாடி கொஞ்சத்த தனியா எடுத்து வச்சேன், அதுல தான் பெரியவளுக்கு பல் அடைச்சது. கண்ணாடி செலவு இல்ல, பள்ளிக்கூடத்துலயே கண்ணொளி காப்போம் திட்டத்துல பாத்து இலவசமா குடுத்தாங்க, என்ன ஒண்ணு, வர கொஞ்சம் லேட். பூச்சி மாத்திரை பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்டுலயும் பள்ளிக்கூடத்துல குடுப்பாங்க, அன்னைக்கு பிள்ளை லீவு போட்டிருந்தா அடுத்த வாரம் விட்டவங்களுக்குன்னு ஒரு நாள் குடுப்பாங்க, கேட்டு வாங்குங்க. நம்ம பிள்ளைங்க மணல்ல செருப்பில்லாம திரியுதுங்க, கொக்கிப்புழு கால் வழியாத்தான் ஏறும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, இதுதான் எனக்கு வயித்தக் கலக்குற காலம். 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீக்கு மேல கொட்டுச்சே, எங்க தெருவுல தண்ணி வடியவே நாள் ஆச்சு. ஆனா டெங்கு கொசு தெருவுல நிக்கிற சாக்கடையில வர்றது இல்ல, வீட்டுக்குள்ள சுத்தமா புடிச்சு வச்ச தண்ணியில வர்றது. நமக்கு குழாய்த் தண்ணி தினமும் வராது, டிரம்ல புடிச்சு வைக்காம முடியாது. டிரம் வாயில பழைய வேட்டிய இழுத்துக் கட்டி, வாரத்துல ஒரு நாள் முழுசா கவுத்திட்டு உள்பக்கச் சுவர தேங்கா நார் போட்டுத் தேய்க்கணும், தண்ணிய மட்டும் கொட்டினா போதாது, முட்டை சுவர்ல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கிடந்து திரும்ப தண்ணி பட்டதும் பொரிக்கும். வீட்டுக்குப் பின்னாடி மீன் போடுற தெர்மாகோல் பெட்டி ஒண்ணு மூலை உடைஞ்சு கிடந்துச்சு, மழை விட்ட ஒரு வாரம் கழிச்சு எட்டிப் பாத்தா உள்ளங்கை அளவு தண்ணி தான், அதுக்குள்ள நெளி நெளியா புழு, நிழல் பட்டதும் எல்லாம் அடிக்கு ஓடுது. டயர், உடைஞ்ச மிதவை, கவுத்தாம கிடக்கிற வள்ளம், எல்லாத்தையும் பாருங்க. பகல்ல கடிக்கிற கொசு இது, சாயங்காலம் மட்டும் சுருள் ஏத்தி பிரயோஜனம் இல்ல.

காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டினா ரத்த டெஸ்ட், எங்க வீட்ல இதுல பேச்சே கிடையாது. இந்தத் தீவுல மலேரியாவும் உண்டு, அதையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை கடையில கேட்டு வாங்காதீங்க. நிலவேம்பு குடுக்கிறவங்க குடுங்க, அத நம்பி டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க. டெங்குல காய்ச்சல் விட்ட பிறகு தான் ஆபத்தே, பிள்ளைக்கு சூடு குறைஞ்சிருச்சேன்னு நிம்மதியா இருக்கையில வயித்து வலி, விடாத வாந்தி, மூக்குல ஈறுல ரத்தம், ஒரேடியா சோர்ந்து படுக்கிறது, ஒண்ணுக்கு சரியா போகாம இருக்கிறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் 108க்கு போடுங்க. ராத்திரி சந்தேகம் கேட்க 104 இருக்கு.

பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா நான் பாக்கிற முதல் வேலை மாமியார் மாத்திரை ரெண்டு வாரத்துக்கு இருக்கான்னு எண்றது. அப்புறம் பாராசிட்டமால், ஓஆர்எஸ், கார்டெல்லாம் ஒரு ஜிப் கவர்ல போட்டு மேல் பரண்ல. காத்து மணிக்கு 58 கிலோமீட்டர தாண்டினா பாலத்துல ரயில நிப்பாட்டிருவாங்க, அந்த நேரத்துல ராம்நாடு மெடிக்கல் காலேஜுக்கு போகணும்னா ரோடு பாலம் தான் வழி. மாசமா இருக்க பொண்ணு வீட்ல இருந்தா கூண்டு ஏத்தற வரைக்கும் காத்திருக்க வேணாம், நாள் நெருங்கினா முன்னாடியே அக்கரையில சொந்தக்காரங்க வீட்ல விட்டிருங்க.

வர்ற தடைக்காலத்துக்கு இப்பவே எழுதி வச்சிருக்கது மாமியாரோட கண்புரை, இவரோட சுகர் டெஸ்ட் திரும்ப ஒரு தடவை, சின்னவன் காது. வலது காதுல கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான், பள்ளிக்கூடத்துக்கு வர்ற டாக்டர் டீம்கிட்ட காட்டி சீட்டு வாங்கியாச்சு, அத எடுத்துட்டு ராம்நாடு போகணும்.