பதினொரு வாரப் பட்டினி

நவம்பர் நடுவில் கடைசி எலியை விழுங்கியவன், பெப்ரவரி வரை வாயைத் திறக்கவில்லை. பால் பைதான் என்ற மலைப்பாம்புகள், அதிலும் ஆண்கள், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நம் வீட்டுப் பாம்பு கிடக்கும்போது அது உதவாது.

வாங்கியதும் முதல் சில தீனிகளும் சிக்கலில்லாமல் போயின. கனடாவில், ஸ்காபரோவில் குளிர் இறங்கி, வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும்தான் வினை. அம்மா பார்த்துவிட்டு, "பால் பைதான் எண்டுதானே சொல்லுறாய், ஒரு கிண்ணத்தில பால் வைச்சுப் பாரன்" என்றார். அது ஆங்கில ball, பந்துபோலச் சுருள்வதால் வந்த பெயர் என்று விளக்கினேன். அவருடைய உண்மையான கவலை, ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் கிடந்த எலிப் பொட்டலம்.

எட்டாவது வாரம் பயந்துபோய், துணிப்பையில் கட்டி ஸ்டைரோஃபோம் பெட்டியில் வைத்து, பனியில் நாற்பது நிமிடம் ஓட்டி ஒரு விலங்கு மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் பெட்டியைக் கண்டதும் நாற்காலியைப் பின்னே தள்ளினார். நாய், பூனை மட்டும்தானாம். போன் பண்ணி "பாம்பு பார்ப்பீர்களா" என்று கேட்காதது என் முட்டாள்தனம். நீங்கள் கேளுங்கள்.

அடுத்த வாரம் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவர் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, எடை எவ்வளவு? நல்லவேளை, விற்றவர் தந்த துண்டில் 640 கிராம் என்று இருந்தது. இப்போது 612. பத்து சதவீதம் குறையாதவரை பதறாதே, முதலில் கூட்டை ஒழுங்காக அள என்றார்.

அளந்தால் வெட்கக்கேடு. கடையில் என் தலையில் கட்டிய, கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டர் ஈரப்பதன் 60 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் மீட்டர் 28 என்றது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப் பாயின் மேல் தரை 41 டிகிரி. ஜனவரியில் ஈரம் போதாமல் சட்டை துண்டுதுண்டாக உரிந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை 32-இல் வைத்தேன். வலை மூடியில் பாதிக்கு மேல் ஃபாயில் போட்டு, கூட்டுத் தரையில் பரப்பிய தென்னந்தும்பை நனைத்ததும் ஈரப்பதன் 65-க்கு ஏறியது. அப்புறம் மூன்று பக்கக் கண்ணாடிக்கும் கறுப்புத் தாள், உடம்பு உரசும் அளவுக்கு ஒடுக்கமான இரண்டு மறைவிடங்கள். கானாவிலும் பெனினிலும் இவை பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் அடைந்து கிடப்பவை. நானோ நாலு பக்கமும் வெளிச்சமான கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தினமும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புற்று எண்டு முதலே சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பன்" என்றார் அம்மா.

பத்து நாள் தொடவே இல்லை.

பதினோராவது வாரம், ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க இளகவிட்ட 60 கிராம் எலியைப் பையோடு வெந்நீரில் வைத்தேன். மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள், வெடிக்கும். கடைசியாகத் தலைக்கு மட்டும் ஹேர் ட்ரையர் (தங்கச்சியுடையது, அவளுக்குத் தெரியாது). மேலுதட்டுக் குழிகள் சூட்டை உணரும் என்பதால் 38 டிகிரி வரை. விளக்கை அணைத்து, நீள இடுக்கியால் மறைவிட வாசலில் நீட்டினேன். நாக்கு இரண்டு தரம் வந்து போனது. கழுத்து மெல்ல S போல வளைந்தது. அப்புறம் ஒரே பாய்ச்சல். இடுக்கியைப் போட்டுவிட்டு நான்தான் துள்ளினேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கதவடியிலேயே நின்று, வால் நுனி உள்ளே போகும்வரை பார்த்தார்.

"மெல்லவே இல்லை" என்றார்.