அண்ணனின் சோரியாசிஸ்: சில மாதக் குறிப்புகள்

7 ஜனவரி 2024

மார்கழி பிறந்ததிலிருந்து அண்ணனுக்குச் சோரியாசிஸ் என்ற தோல் நோய் மீண்டும் கிளம்பியிருக்கிறது. முழங்கை, முழங்கால், தலைமுடி ஓரம் ஆகிய வழக்கமான இடங்களோடு, இம்முறை இடது தோளிலும் நீளமாக ஒரு பட்டை தெரிகிறது. பேருந்து நடத்துநரான அவருக்குப் பணப்பையின் வார் நாள் முழுவதும் உராயும் இடம் அது. காயமோ உராய்வோ பட்ட தோலில் இந்நோய் புதிதாக முளைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கெப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கவனித்து எழுதியிருக்கிறார்.

"தொட்டா ஒட்டிக்குமான்னு கேட்டாக்கூடப் பரவாயில்லம்மா, கேக்காமலே கையை இழுத்துக்கிறாங்க" என்றார். சில்லறை வாங்கும் பயணிகளைத்தான் சொல்கிறார். ஒட்டுவதற்கு இதில் கிருமி எதுவும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் தோலைத் தூண்டிவிடுவதால், அடியில் பிறந்து மேலே வர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்க வேண்டிய தோல் அணுக்கள் சில நாட்களிலேயே வந்து குவிகின்றன. வெள்ளிச் செதிலாக உதிர்வது அந்தக் குவியல்தான்.

21 ஜனவரி

தோல் மருத்துவர் ஒரு செதிலை மெல்லச் சுரண்டினார். அடியில் ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் அரும்பின. நகங்களையும் பார்த்தார். தையற்காரரின் விரலுறையில் இருப்பது போன்ற சிறு குழிகள் அவற்றில் இருந்தன. பூசுவதற்கு ஸ்டீராய்டும் வைட்டமின் டி வகை மருந்தான கால்சிபாட்ரியாலும் கலந்த களிம்பு, உள்ளுக்கு நோயெதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அதனுடன் ஃபோலிக் அமிலம் என்று எழுதிக் கொடுத்தார். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே நாள் மட்டுமே விழுங்க வேண்டும் என்று கிழமையைச் சுற்றி வட்டமிட்டார். தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும், மது கூடவே கூடாது.

4 பிப்ரவரி

இரத்தப் பரிசோதனை என்றதுமே அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. அவர் வற்புறுத்தியதால் ஹோமியோபதி மருத்துவர் ஒருவரிடம் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். குளிர் தாங்குமா, உப்பு பிடிக்குமா, அப்பா இறந்தபோது அழுதீர்களா என்றெல்லாம் கேட்டார். அண்ணன் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. கூட்டம் நிறைந்த தோல் மருத்துவப் பிரிவில் இதற்கு வழியே இல்லை. இந்த ஒன்றுக்காகவே பலர் ஹோமியோபதியை நாடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முடிவில் கிராஃபைட்டிலிருந்து செய்யும் கிராஃபைட்டிஸ் என்ற மருந்து 200 வீரியத்தில், சர்க்கரை உருண்டைகளாகக் கிடைத்தது. காபி கூடாது என்பது பத்தியம். அதோடு, "களிம்பை விட்டுவிடுங்கள், அது நோயை உள்ளே அமுக்குகிறது" என்றும் சொன்னார்.

10 பிப்ரவரி

அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். ஹோமியோபதியை நிறுவிய ஹானிமன் 1828இல் வெளியிட்ட நாள்பட்ட நோய்கள் பற்றிய நூலில், பெரும்பாலான தீராத நோய்களுக்குச் சொறியோடு தொடர்புடைய 'சோரா' என்ற தோஷமே வேர் என்றும், தோலில் தெரிவதைப் பூச்சு மருந்தால் மறைத்தால் அது உள்ளுறுப்புகளைத் தாக்கும் என்றும் வாதிட்டார். சொறிக்குக் காரணம் நுண்ணிய உண்ணி என்பது பின்னர் எல்லோரும் ஏற்ற உண்மையாகிவிட்டது. ஆனால் களிம்பைப் பற்றிய அந்த அச்சம் மட்டும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளைக் கடந்து எங்கள் அண்ணன் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வீரியக் கணக்கையும் பார்த்தேன். ஒரு பங்கு மருந்தை நூறு பங்காக நீர்த்துக் குலுக்குவது ஒரு படி. 30 வீரியம் என்றால் முப்பது படிகள், அதாவது 1க்குப் பின் 60 சுழியங்கள் கொண்ட நீர்ப்பு. 12ஆம் படியைத் தாண்டியபின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 200இல் கிராஃபைட் என்பது புட்டியின் மேலிருக்கும் பெயர்தான். தாய்த் திரவங்கள் எனப்படும் நீர்க்காத மூலக் கரைசல்களும் மிகக் குறைந்த வீரியங்களும் வேறு வகை. அவற்றில் பொருள் மெய்யாகவே இருக்கும் என்பதால், ஆர்செனிக் போன்றவற்றில் அதுவே கவலைக்குரியதும் ஆகிறது.

18 பிப்ரவரி

தோல் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதில்லை என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். ஸ்டீராய்டைத் திடீரென விட்டால், முன்பைவிட மோசமாக நோய் திரும்பலாம். ஸ்டீராய்டை மாத்திரையாக உட்கொண்டு வந்தவர்களுக்கு உடல் முழுவதும் சிவந்து சீழ்க்கொப்புளங்கள் எழுவதும் உண்டு. அவ்வாறு எழும்போது "நோய் வெளியே வருகிறது, நல்ல அறிகுறி" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நோயாளி மருத்துவமனைக்குப் போவது தாமதமாகும் என்பதே என் பெரிய பயம். ஹோமியோபதி மருத்துவரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, இரண்டையும் சேர்த்தே தொடரட்டும் என்றார். தோல் மருத்துவரிடமும் உருண்டைகளைப் பற்றி மறைக்கவில்லை.

24 மார்ச்

முழங்கைகளில் செதில் நின்று, இளஞ்சிவப்புத் தடம் மட்டும் இருக்கிறது. அத்தை உருண்டைகளைக் கொண்டாடுகிறார். மெத்தோட்ரெக்சேட் வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். அந்தக் காலம் இப்போதுதான் கடந்திருக்கிறது. பங்குனி வெயில் வேறு சேர்ந்துகொண்டது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பலருக்கு இந்நோயைத் தணிக்கும், மருத்துவமனைகளில் 311 நானோமீட்டர் அலைநீள விளக்கில் நிறுத்துவதும் இதனால்தான். போதாததற்கு, சோரியாசிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். இத்தனைக்கும் நடுவே உருண்டைக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஹோமியோபதி குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் அது பலனளிப்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015இல் அறிவித்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அவர்கிட்ட பேசிட்டு வந்தா ராத்திரி தூக்கம் வருதும்மா" என்றார். மன அழுத்தம் சோரியாசிஸைக் கிளப்பும் என்பதால், அந்தத் தூக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

28 ஏப்ரல்

தோல் தெளிந்திருக்கும் வேளையில் வலக்கையின் இரண்டு விரல்கள் வீங்கியிருக்கின்றன. காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரம் விரல்களை மடக்க முடியவில்லை, டிக்கெட் கிழிக்கச் சிரமமாக இருக்கிறது என்று இன்றுதான் சொன்னார். சோரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டுவாதமும் வருகிறது. நகத்தில் குழி உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். மூட்டு ஒருமுறை அரிக்கப்பட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால் காத்திருந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. உருண்டைகளை அவர் விரும்பும்வரை சாப்பிடட்டும். வியாழக்கிழமை மூட்டுவாதப் பிரிவுக்கு அழைத்துச் செல்கிறேன். எக்ஸ்-ரேயும் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் கேட்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துவிட்டேன்.