மூன்றாவது வரிசை விளக்கு

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுவது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் ஒரே இரவில் அதை நிரப்பிவிடும். இரண்டாவது வேலை, விரல்நகம் அளவு சிலிக்கன் துண்டு ஒன்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, பச்சை லேசரை அதன்மேல் விழவைத்து, திரையில் 520.5 என்ற இடத்தில் ஒரு முகடு எழுகிறதா என்று பார்ப்பது. அங்கே எழுந்தால் கருவி சரியாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளி எழுந்தால், அதைத் திருத்திவிட்டுத்தான் மற்ற எல்லாம். 2014 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததிலிருந்து நான்கரை வருடம், அநேகமாக ஒவ்வொரு வேலை நாளும் இப்படித்தான் தொடங்கியது.

அந்த முகடு ராமன் விளைவால் எழுவது. ஒரு பொருளின்மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறிவரும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு மட்டும், கோடியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், நிறம் மாறி வரும். பொருளுக்குள் இருக்கும் அணுக்கள் அதிரும்போது அந்த ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொள்வதுதான் காரணம். எவ்வளவு வாங்கிக்கொண்டது என்று அளந்தால், உள்ளே என்ன அணுக்கள், எப்படிக் கட்டுண்டு இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். திரையில் தெரியும் 520.5 மாதிரியான எண்கள் அந்த ஆற்றலின் அளவுதான். சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்தது. அந்த நாட்களில் திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தவர் கே.எஸ். கிருஷ்ணன். அவர் பிறந்த வத்திராயிருப்பு, எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம். சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போகும்போது பஸ் அந்த ஊரில் நின்று போகும். அப்போது அந்தப் பெயர் எனக்கு ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். பிறந்த மண்ணை விட்டு மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, கொரிய, வியட்நாமிய, சீன மாணவர்கள் சூழ, தினமும் "ராமன்" "ராமன்" என்று எல்லோரும் சொல்லக் கேட்டபோதுதான் அந்த ஊர் எனக்கு வேறு மாதிரி நினைவுக்கு வர ஆரம்பித்தது.

நான் ஆராய்ந்த பொருள் மாலிப்டினம் டைசல்பைடு. பெயர்தான் பெரிது. அப்பா லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள் போனில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "நம்ம மாலி கிரீஸ் டப்பாவுல இருக்கிற கறுப்புப் பொடியையா நீ ஆராய்ச்சி பண்றே?" என்று கேட்டார். அதேதான். அந்தக் கறுப்புப் பொருள் அடுக்கடுக்காக இருப்பது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் கிரீஸில் சேர்க்கிறார்கள். ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி உரித்து, உரித்ததை மீண்டும் உரித்து, கடைசியில் ஒரே ஓர் அடுக்கை, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான கனத்தில், தனியே பிரித்துவிடலாம். கரியின் ஓரடுக்கான கிராஃபீனை 2004-இல் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் பிரித்ததும் இந்த ஒட்டுநாடா வழியில்தான். கட்டியாக இருக்கும்போது ஒளியை ஏறக்குறைய உமிழாத இந்தப் பொருள், ஓரடுக்கானதும் நன்றாக ஒளிர்கிறது என்று 2010-இல் தெரியவந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் அதன்பின்னால் ஓடியது. நானும் ஓடினேன்.

ஓரடுக்குதானா என்பதையும் ராமன் முகடுகளே சொல்லும். இந்தப் பொருளுக்கு 384-இல் ஒன்றும் 403-இல் ஒன்றுமாக இரண்டு முகடுகள். அடுக்குகள் கூடக்கூட இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரியும், கட்டியில் சுமார் 25 வரை போகும். 19 என்று வந்தால் கையில் இருப்பது ஓரடுக்கு. முதல் தடவை எனக்கு 19 வந்த அன்று, சோதனையை நான்கு முறை திரும்பச் செய்துவிட்டு, கிளமெண்டி வரை பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். உட்காரவே தோன்றவில்லை.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

2016 சீனப் புத்தாண்டு விடுமுறை. ஆய்வகத்தில் நான் மட்டும். ஓரடுக்குத் துண்டு ஒன்றைக் குளிர்கலனில் வைத்து, திரவ நைட்ரஜன் ஊற்றி, 77 கெல்வினுக்கு இறக்கி அளந்துகொண்டிருந்தேன். லேசர் அதிகமானால் துண்டு சூடாகிவிடும் என்பதால் வலிமையைக் குறைத்துவிட்டு, ஓர் அளவீட்டுக்கு அறுபது விநாடி, அப்படி இருபது அளவீடுகளைக் கூட்டி ஒரு வரைபடம். வந்த வரைபடத்தில் 384 இருந்தது. 403 இருந்தது. 484-இல் இன்னொன்றும் இருந்தது. ஊசி மாதிரி நேராக நின்றது.

கட்டித் துண்டை வைத்துப் பார்த்தேன், இல்லை. திரும்ப ஓரடுக்கு, இருக்கிறது. படித்த எந்தக் கட்டுரையிலும் 484 இல்லை. ஓரடுக்கில் மட்டும் எழுகிற, யாரும் சொல்லாத ஒரு முகடு! ஆராய்ச்சி மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பேராசிரியரிடம் காட்டினேன். அவரும் ஆர்வமானார். குறைபாடுள்ள இடங்களில் பிறக்கும் புது அதிர்வாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் கட்டினோம். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினேன். அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். "அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்ல?" என்று கேட்டாள். முடிந்துவிடும் என்றேன்.

ஏழு வாரம் அந்த முகட்டோடு குடும்பம் நடத்தினேன். இப்போது நினைத்தால், அது ஒளிந்துகொள்ளவே இல்லை என்பது தெரிகிறது. குளிர்வித்தால் அணுக்களின் பிணைப்பு இறுகும், முகடுகள் கொஞ்சம் மேலே நகரும். 384-ம் 403-ம் ஒழுங்காக நகர்ந்தன. 484 நகரவில்லை. அதைத் தவறின் அடையாளமாக எடுக்காமல், புது முகட்டின் தனிச்சிறப்பாக எடுத்துக்கொண்டேன். அதன் அகலமோ கருவியால் பிரித்துக் காட்ட முடிகிற எல்லை அளவுதான். குறைபாட்டில் பிறக்கும் அதிர்வு அவ்வளவு ஒல்லியாக இருக்காது. ஓரடுக்கின் தரம் அவ்வளவு உயர்ந்தது என்று எழுதி வைத்தேன். பொய் சொல்லவேண்டும் என்று யாரும் பொய் சொல்வதில்லை. ஆசை, வந்த சாட்சியை எல்லாம் தன் பக்கம் உட்காரவைத்துவிடுகிறது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு மாலை, அளவீட்டைத் தொடர் ஓட்டமாக ஓடவிட்டிருந்தேன். டீ குடிக்கப் போகும்போது, துண்டு வீணாகக் காயக்கூடாது என்று லேசரின் வாயை மூடினேன். ஓட்டத்தை நிறுத்த மறந்துவிட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால், திரையில் 384 இல்லை, 403 இல்லை. தட்டையான கோடு. அதன்மேல் 484 மட்டும் தனியாக நின்றது.

லேசரே இல்லாமல் எப்படி?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கை குளிர்ந்துவிட்டது. அடுத்த அளவீடும் அப்படியே வந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. அந்த நேரம்தான் லேப் ஆபீசர் அண்ணன் சாவிக்கொத்தோடு வந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எதாச்சும் உடைஞ்சு போச்சா?" என்றார்.

"இல்லண்ணே. லைட்டை ஒண்ணொண்ணா அணைக்க முடியுமா?"

"எந்த வரிசைம்மா?"

"முதல் வரிசையிலிருந்து."

முதல் வரிசையை அணைத்தார். ஒரு நிமிடம் காத்திருந்தோம். முகடு இருந்தது. இரண்டாவது வரிசை. இருந்தது. மூன்றாவது வரிசையின் சுவிட்சைத் தட்டினார். எங்கள் இருவர் முகத்திலும் திரை வெளிச்சம் மட்டும். அறுபது விநாடி. கோடு தட்டையாக வந்தது.

"மறுபடி போடுங்கண்ணே."

போட்டார். 484 எழுந்தது.

என் மேசைக்கு மேலே இருந்த அந்த வரிசையில் மட்டும் பழைய வகைக் குழல் விளக்குகள். குழலுக்குள் பாதரச ஆவி. பாதரசம் 546.07 நானோமீட்டரில் அழுத்தமான ஒரு பச்சைக் கோட்டை உமிழும். என் லேசர் 532 நானோமீட்டர். ஒரு கோடியை அலைநீளத்தால் வகுத்தால், திரையில் வருகிற எண்களின் அளவுக்கு அது மாறிவிடும். ஒரு கோடியை 532-ஆல் வகுத்து, அதிலிருந்து ஒரு கோடியை 546.07-ஆல் வகுத்ததைக் கழித்தால் 484 வருகிறது. தாளில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குளிர்கலன் உள்ளே நுழையவேண்டும் என்பதற்காகக் கருவியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன், விளக்கொளி அந்த வழியாக வந்திருக்கிறது. கட்டித் துண்டுக்கு இரண்டு விநாடி அளந்தால் போதும், அதற்குள் விளக்கொளி சேர நேரமில்லை. ஓரடுக்குக்கு இருபது நிமிடம், சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து முகடாகிவிடும். "ஓரடுக்கில் மட்டும்" என்பதற்குக் காரணம் அதுதான். பாதரசத்துக்கு 576.96-இலும் 579.07-இலும் இரண்டு மஞ்சள் கோடுகள் உண்டு. என் அளவீட்டு எல்லையை 1550 வரை ஒரே ஒருமுறை விரித்திருந்தால், 1465-இலும் 1528-இலும் அவை எழுந்து என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கும். எனக்குப் பிடித்த முகடு இருந்த இடத்தை மட்டுமே ஏழு வாரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு தூங்கவில்லை. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகுதித் தேர்வுக்கு நான்கு மாதம்தான் இருந்தது. அதில் தேறாவிட்டால் முனைவர் பட்டத்தில் தொடர முடியாது. தேர்வுக்கான அறிக்கையின் பாதி அந்த முகட்டின்மேல் நின்றது. கல்லூரித் தோழிகள் சென்னையில் மென்பொருள் வேலையில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது, ஒரு குழல் விளக்கைக் கண்டுபிடித்திருந்தேன்.

காலையில் பேராசிரியர் அறைக்குப் போய், இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கு எரியும்போது ஒன்று, எரியாதபோது ஒன்று. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். வேறு அலைநீள லேசரில் சரிபார்த்தாயா என்று மட்டும் கேட்டார். உண்மையான முகடு என்றால் லேசரை மாற்றினாலும் அதே எண்ணில்தான் இருக்கவேண்டும். 633-இல் பார்த்துவிட்டேன், இல்லை என்றேன். தலையசைத்தார். மாநாட்டுச் சுருக்கத்தை இன்றே திரும்பப் பெற்றுவிடு, வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டத்தில் இதை முழுசாகச் சொல் என்றார். குரலில் கோபமே இல்லை. அதற்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தயார் செய்தபோதுதான் ராமனின் கதையை ஒழுங்காகப் படித்தேன். 1923-இலேயே கே.ஆர். ராமநாதன் ராமனின் ஆய்வகத்தில் தண்ணீருக்குள் ஒரு மங்கலான ஒளிர்வைப் பார்த்துவிட்டார். அழுக்கினால் வருவதாக இருக்கும் என்று நினைத்து, திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார்கள். போகவில்லை. ஐந்து வருடம் கழித்து கிருஷ்ணன் அதே சந்தேகத்தோடு எத்தனையோ திரவங்களைச் சோதித்தார். அந்த ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறதா என்று பார்த்து, சாதாரண ஒளிர்வு இல்லை என்று உறுதி செய்தார்கள். பிறகு ராமன் அதன் நிறமாலையைப் பதிவு செய்யப் பயன்படுத்திய விளக்கு எது தெரியுமா? பாதரச விளக்கு. அவர்கள் முதலில் அழுக்கு என்று நினைத்தது இயற்கை. நான் இயற்கை என்று நினைத்தது விளக்கு. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரே வேலைதான்: வேண்டாம் என்று மனசு சொல்கிற சோதனையைச் செய்து பார்ப்பது.

முனைவர் படிப்பு என்றால் நிறையத் தெரிந்துகொள்வது என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் விமானம் ஏறினேன். தெரிந்துகொள்வது நடக்கத்தான் செய்கிறது, அதற்குப் புத்தகமும் போதும். நம் கையால் வந்த முடிவை, அடுத்தவர் கேட்பதற்கு முன்னால், எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி நாமே கூண்டில் ஏற்றி விசாரிக்கிற பழக்கத்துக்குத்தான் அத்தனை வருடம் பிடிக்கிறது. அது பழகும்போது வலிக்கும். என்னிடம் இப்போது ஆலோசனை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் இந்த வலியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தகுதித் தேர்வில் தேறினேன். அந்த முகட்டை விட்டுவிட்டு, 384, 403 இரண்டும் வெப்பநிலையோடு எப்படி நகர்கின்றன என்பதையே பிடித்துக்கொண்டேன். அதில் சொல்ல விஷயம் இருந்தது, இரண்டு கட்டுரைகள் வந்தன. ஏழு வாரக் கதையை ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். எதற்கு என்று ஒரு நண்பன் கேட்டான். 2018 டிசம்பர் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். அங்கேயே இருபது நிமிடம் கேள்வி கேட்டார். ஒரு கேள்விக்கும் நான் தடுமாறவில்லை.

பைண்டிங் செய்து வந்த ஆய்வேட்டில் ஒரு பிரதியை லேப் ஆபீசர் அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றியுரையில் அவர் பெயர் இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு வரைபடத்தில் நின்று, தட்டையான கோட்டின்மேல் தனியாக நிற்கும் ஊசியில் விரலை வைத்தார்.

"இது நம்ம மூணாவது வரிசைதானே?"

"ஆமாண்ணே."

"அதை எல்ஈடியா மாத்திட்டாங்கம்மா, போன மாசம்" என்றார்.