கேபிளைத் தளர்த்திக்கொண்டே வந்த கணக்கு: பழைய வண்டியின் கிளட்சைப் பிரித்துப் பார்த்தேன்

முதலில் தெரிந்தது ஒரு மேட்டில்தான். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தார், 4வது கியர். ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் இன்ஜின் சத்தம் விர்ரென்று ஏறியது, வண்டி மட்டும் அதே வேகத்தில் போனது. கையைக் கொஞ்சம் விட்டதும் சத்தம் இறங்கி, மறுபடி பிடித்துக்கொண்டது. கார்புரேட்டர் கோளாறாக இருந்தால் சத்தமும் ஏறாது, வேகமும் ஏறாது. சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

வண்டி 150 சிசி பைக், ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 5 கியர். வயது 20ஐத் தாண்டிவிட்டது. இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும் கிளட்ச்: அடுக்கிய பிளேட்டுகளை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்க, அந்தப் பிடிமானம்தான் இன்ஜின் இழுவையைக் கியருக்குக் கடத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் பலரும் சொல்லும் சோதனையைச் செய்தேன்: பிரேக்கை அழுத்திப் பிடித்து, 2வது கியரில் கிளட்சை மெல்ல விடுவது. இன்ஜின் உடனே நின்றது. அப்படியானால் கிளட்ச் நன்றாக இருக்கிறதா? இல்லை. ஐட்லிங்கில் இன்ஜின் தரும் இழுவை கொஞ்சம்தான், அதைத் தேய்ந்த பிளேட்டும் தாங்கிவிடும். அதனால் இந்தச் சோதனையில் தேறியதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மறுநாள் 10 கி.மீ. ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஆளில்லாத சமதரையில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக முறுக்கினேன். இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் தாவியது, ஸ்பீடோமீட்டர் முள் சோம்பலாகப் பின்னால் வந்தது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருந்தபோது இதே சோதனையில் ஒன்றும் தெரியவில்லை.

பிரிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். ஒன்று ஆயில். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், அதை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கலாம். என் டப்பாவில் ஜாசோ எம்.ஏ.2 (ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக்குறி) என்று இருந்தது, அளவும் சரி. இன்னொன்று கிளட்ச் லிவரின் ப்ளே, அதாவது கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் லிவர் ஆடும் தூரம். என் வண்டிக்கு லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். அளந்தால் 4தான். ப்ளே இல்லாவிட்டால் லிவரைத் தொடாமலே கிளட்சைப் பாதி பிடித்த மாதிரி ஆகிவிடும். 15க்குத் தளர்த்தினேன். வழுக்கல் குறைந்தது, ஆனால் போகவில்லை. 200 கி.மீ. ஓட்டிப் பார்த்தால் ப்ளே 9க்கு வந்திருந்தது.

அப்போதுதான் என் சர்வீஸ் நோட்டைப் புரட்டினேன். கடந்த சில மாதங்களில் நான்கு தடவை கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்பியிருக்கிறேன், நான்கும் தளர்த்தும் பக்கம்! கேபிள் நீண்டால் ப்ளே கூடும், இறுக்க வேண்டிவரும். பிளேட் தேய்ந்தால் அடுக்கு மெலிந்து, அதை மேலிருந்து அழுத்தும் பிரஷர் பிளேட் நகரும், அது ப்ளேயைத் தின்னும், தளர்த்த வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் கேபிளைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பிளேட் தேய்ந்துவருவதைத்தான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதைக் குறித்து வைப்பது நல்லது. எனக்கு வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆயிலை வடித்துவிட்டு, ஃபுட்ரெஸ்ட், கிக்கர், வலது பக்கக் கவர் என்று கழற்றினேன். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வைத்தேன். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு குறுக்காக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிரஷர் பிளேட் கோணலாக இழுபட்டு உடையலாம்.

பிளேட்டுகளை வெளியே எடுத்ததும் கருகிய வாடை மூக்கில் ஏறியது. ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டு, அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி நீலம் பாய்ந்து கிடந்தன. அவற்றைக் கண்ணாடி மேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தேன். ஒன்றில் 0.3 மி.மீ. இலை தாராளமாகப் போனது, அது வளைந்துவிட்டது. உராய்வுப் பட்டை ஒட்டிய ஃப்ரிக்ஷன் பிளேட் புதிதில் 3.0 மி.மீ., மேனுவல் தரும் எல்லை 2.6. வெர்னியரில் ஒவ்வொரு பிளேட்டையும் நான்கு இடத்தில் அளந்தேன். ஐந்தில் மூன்று 2.5, மற்ற இரண்டும் 2.6ஐ ஒட்டி. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மேனுவலைப் பாருங்கள். ஸ்பிரிங்குகளும் எல்லையை விடக் குட்டையாகிவிட்டன. பிளேட் மெலிந்தால் ஸ்பிரிங் அமுங்கும் அளவும் குறையும், ஸ்பிரிங்கே தளர்ந்திருந்தால் அழுத்தம் இன்னும் குறையும். பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் பாதி வேலைதான்.

பிளேட்டுகள் உட்காரும் கூடையான பேஸ்கெட்டின் விரல்களில் நகத்தை ஓட்டினால் பிளேட் இடித்த தடங்கள் படிப்படியாகத் தட்டுப்பட்டன. ஆழமில்லை, மெல்லிய அரத்தால் இருபுறமும் சமமாக நீவி, இரும்புத்தூளைத் துடைத்தெடுத்தேன்.

புது பிளேட்டுகள் ஒரு இரவு முழுக்கப் புது ஆயிலில் ஊறின. காய்ந்தபடி மாட்டினால் தொடக்கத்திலேயே கருகிவிடலாம். ஃப்ரிக்ஷன், ஸ்டீல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, புது ஸ்பிரிங், புது கேஸ்கட் போட்டு மூடினேன். லிவர் ப்ளே 15.

அதே மேடு, அதே ஆள், 4வது கியர். முறுக்கியதும் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின. 300 கி.மீ. ஆகிவிட்டது, ப்ளே 14. ஒன்று மட்டும் பாக்கி: காலையில் முதல் கியர் போடும்போது இன்னும் 'டக்' என்று வண்டி முன்னால் இழுக்கிறது. பேஸ்கெட் தடத்தில் பிளேட் சிக்கி, முழுதாக விடுபடவில்லையோ என்று சந்தேகம். அடுத்த ஆயில் மாற்றும்போது கவரைத் திறந்து மறுபடி பார்க்கப்போகிறேன்.