கப்பல் விருந்துக்கு அப்பா கட்டிய வெண்பட்டு

போன டிசம்பரில் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் நான்கு இரவுப் பயணம் போய் வந்தோம். பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். ஊர் திரும்பியதிலிருந்து சேலம் அம்மாப்பேட்டையில் எங்களைப் பார்க்கிறவர்கள், கடல் எப்படி இருந்தது, சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்பதற்கெல்லாம் முன்னால் கேட்பது ஒன்றைத்தான். "கப்பல்ல ராத்திரி சாப்பிடறதுக்குக் கோட்டு போட்டாத்தான் உள்ள விடுவாங்களாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதோடு இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பெரிய கப்பல்களில் பகல் முழுக்க அரைக்கால் சட்டையோ சுடிதாரோ எதில் வேண்டுமானாலும் சுற்றலாம். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று நாமே தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்கிற பஃபே, அங்கே உடையைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. இன்னொன்று பிரதான உணவகம், வெள்ளை விரிப்பு போட்ட மேசை, நமக்கென்று ஒரு பணியாளர், ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள். நாலைந்து இரவுப் பயணத்தில் பெரும்பாலும் ஒரு இரவு, ஏழு இரவு என்றால் இரண்டு, அந்த உணவகத்தில் 'ஃபார்மல் நைட்' என்று வைப்பார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் ஓடுகிற நாளில்தான் அது அநேகமாக வரும், அன்றைக்கு எல்லாரும் கப்பலிலேயே இருப்பார்கள், நிதானமாகக் குளித்து உடுத்த நேரம் கிடைக்கும். பெண்கள் நீள கவுன், ஆண்கள் கோட்டு டை. கேப்டன் வந்து நாலு வார்த்தை பேசுவார், படிக்கட்டுப் பக்கம் திரை கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

புடவை கட்டுகிறவர்களுக்கு இதில் கவலையே இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பட்டுப்புடவையைப் பார்த்து இது போதாது என்று எந்தக் கப்பலிலும் சொல்லமாட்டார்கள். சிக்கல் எல்லாம் ஆண்களுக்குத்தான்.

எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், கப்பல் நிறுவனத்தின் விதியைப் படித்துக்கூடப் பார்க்காமல், "ஆம்பளைங்களுக்குக் கோட்டு கட்டாயம் மேடம்" என்று போனில் சொல்லிவிட்டார். என் கணவரிடம் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு இருந்தது. அப்பாவுக்கு 71 வயது, பேன்ட் போட்டே நான் பார்த்ததில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் 6,800 ரூபாய்க்கு ஒரு கருநீலக் கோட்டும் அதற்கேற்ற பேன்ட்டும் எடுத்தோம். கண்ணாடி முன்னால் நின்றவர் தோளை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஏனென்றால் அப்பா நாற்பது வருஷம் பட்டு வேட்டி நெய்தவர். சேலம் வெண்பட்டு என்றால் தெரியும்தானே, புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வெள்ளைப் பட்டு உடல், சரிகைக் கரை, கூடவே அங்கவஸ்திரம். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை கட்டுவது. எங்கள் வீட்டுக்குள்ளேயே குழித்தறி, அம்மா தாரில் நூல் சுற்றிக் கொடுப்பார், அப்பா நெய்வார், நானும் தம்பியும் தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவர்கள். எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு நெய்தவர் தனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, என் கல்யாணத்துக்கு அவரே பாவு போட்டு நெய்தது. அது பீரோவில் இருக்கும்போது இந்தக் கோட்டு எதற்கு என்று கடையிலிருந்து வரும் வழியிலேயே கேட்டேன். அதற்கு அப்பா சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. "கோட்டே இருக்கட்டும் கண்ணு. அவ்வளவு தூரம் போயி வாசல்ல நிக்க முடியாது."

பல வருஷங்களுக்கு முன்னால், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேட்டி கேட்டிருந்தார்கள். அப்பா நெய்து, தானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து போனார். எஸ்டேட்காரர் அன்றைக்கு மலைமேல் ஒரு கிளப்பில் இருந்திருக்கிறார், அங்கேயே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவிட்டார். கிளப் வாசலில் இருந்தவர், வேட்டி கட்டியவர்களை உள்ளே விடமுடியாது என்று நிறுத்திவிட்டார். பட்டு வேட்டிகள் இருந்த பை உள்ளே போனது, அதை நெய்தவர் வெளியே மர நிழலில் நின்றார். காசு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். இதை அவர் யாரிடமும் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மறக்கவில்லை என்பது அன்றைக்குக் காரில்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமமும் போகும். நீதிபதிக்கே அந்தக் கதி என்றால், பையோடு போன ஒரு நெசவாளி என்ன செய்திருக்க முடியும்? நம்ம ஊர்ச் சட்டம் வெளிநாட்டுக் கப்பலுக்குப் பொருந்தாது, அதுவும் தெரியும். ஆகவே கப்பல்காரர்களின் விதியையே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். ஃபார்மல் நைட்டுக்குப் போடுகிற கருப்புக் கோட்டு பிறந்ததே கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காகத்தான். அதுவரை இங்கிலாந்தில் பெரிய மனிதர்கள் இரவு உணவுக்கு, பின்பக்கம் வால் போல நீண்ட கோட்டுதான் போடுவார்கள். 1865-ல் லண்டனில் சாவில் ரோ தெருவில் இருக்கும் ஹென்றி பூல் என்ற தையல் கடை, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு, வீட்டு விருந்தில் சௌகரியமாகப் போட்டுக்கொள்ள வால் இல்லாத குட்டைக் கோட்டு தைத்துக் கொடுத்தது. அது 1886 வாக்கில் நியூயார்க் பக்கம் டக்சிடோ பார்க் என்ற இடத்துக்குப் போய் அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. அன்றைக்கு வீட்டோடு போட்ட உடை இன்றைக்கு விறைப்பின் உச்சம்.

அப்புறம் கப்பல்கள் எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 2000-லேயே, உனக்குப் பிடித்ததை உடுத்து, பிடித்த நேரத்தில் சாப்பிடு என்று மாறிவிட்டது. செலிப்ரிட்டி 2015 கடைசியில் ஃபார்மல் நைட் என்ற பெயரையே எடுத்துவிட்டு 'ஈவ்னிங் ஷிக்' என்று வைத்தது, அதாவது கோட்டு கட்டாயமில்லை, பார்வையாக இருந்தால் சரி. விர்ஜின் நிறுவனத்தின் கப்பல்களில் ஒரு இரவு எல்லாரும் சிவப்பு உடுத்துவார்கள். இன்னும் கண்டிப்பாக இருப்பது குனார்டு, குயீன் மேரி 2 கப்பல் அவர்களுடையதுதான். அங்கே காலா இரவு என்கிற விசேஷ விருந்து இரவு என்றால் டக்சிடோ அல்லது டையுடன் கருநிற சூட். ஆனால் அவர்கள் விதியிலேயே அவரவர் நாட்டின் மரபு உடையும் சரி என்று எழுதியிருக்கிறது, ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரியான கில்ட் கட்டி வரலாம். நோபல் விழாவிலும் இதே வழக்கம்தான். 2019-ல் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி ஸ்டாக்ஹோமில் வேட்டி கட்டிக்கொண்டு போய்த்தான் பரிசு வாங்கினார், அவரோடு பரிசு வாங்கிய அவர் மனைவி எஸ்தர் டூஃப்ளோ புடவையில் வந்தார். நோபல் மேடையில் சரியாக இருக்கிற வேட்டி கப்பல் சாப்பாட்டு மேசையில் எப்படித் தப்பாகும்?

நாங்கள் போகவிருந்த கப்பலின் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன், வெண்பட்டு வேட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பி. மூன்று நாளில் பதில் வந்தது. முழு நீளக் கால்சட்டையும் காலர் வைத்த சட்டையும் போதும், கோட்டு அவரவர் விருப்பம், மரபு உடையைத் தாராளமாக உடுத்தி வரலாம். அப்பாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். "எழுத்துல குடுத்திருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அச்சடித்துக் கொடுத்தேன், மடித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம். அறையில் இருந்தது ஆள் உயரக் கண்ணாடி ஒன்றுதான், அதன் முன்னால் முதலில் அம்மா எங்கள் பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் புடவையைக் கட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அப்பா ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். வெண்பட்டு, வெள்ளை முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். உணவக வாசலில் ஒரு பெண் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். எங்கள் முறை வரும்போது பார்த்தேன், அப்பாவின் வலது கை சட்டைப் பையின் மேல் இருந்தது, அந்தக் கடிதத்தின் மேல். அந்தப் பெண் எங்கள் மேசை எண்ணைக் கேட்டார், நல்ல மாலை வணக்கம் சொன்னார், வழிகாட்டினார். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. உட்கார்ந்து தண்ணீர் வந்த பிறகுதான் கை கீழே இறங்கியது.

பக்கத்து மேசையில் பினாங்கிலிருந்து ஒரு மலாய்க் குடும்பம். அதில் ஒரு பெரியவர் மலாய் உடையில் வந்திருந்தார், நீளச் சட்டை, கால்சட்டை, அதன்மேல் இடுப்பில் முழங்கால் வரை சுற்றிய, சரிகை வைத்து நெய்த சோங்கெட் துணி. அப்பா இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை எழுந்தே போய்விட்டார். "குறுக்கே போற ஊடையில தனியா சரிகை விட்டு நெஞ்சிருக்காங்க கண்ணு, கேளு, எத்தன நாள் ஆகும்னு கேளு." நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அவருக்கு நெசவு தெரியாது, அவர் மாமியார் ஊரில் வாங்கியது என்றார், ஆனால் துணியை விரித்துக் காட்டினார். அப்பா விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் கரையை அவருக்குக் காட்டி, இது நான் நெய்தது என்று சொல்லச் சொன்னார். அந்தப் பக்கத்திலேயே நீளக்கை பாத்திக் சட்டையில் இந்தோனேசியக்காரர்கள் சிலர் இருந்தார்கள், அவர்கள் நாட்டில் அதுதான் விழா உடை. கோட்டு போட்டவர்களும் நிறைய இருந்தார்கள். எல்லாம் சேர்ந்து பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

உடை விதியே வேண்டாம், காசு கொடுத்துப் போகிறோம், இஷ்டம்போல் உடுத்துவோம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. அன்றைக்கே நீச்சல் குளத்திலிருந்து நேராக எழுந்து வந்த மாதிரி ஒருவர் கையில்லா பனியனில் வந்தார். அவரிடம் மெதுவாகப் பேசி மேல்தளத்து பஃபேவுக்கு அனுப்பினார்கள், அது சரி என்றே நினைக்கிறேன். அப்பாவும் அதைத்தான் சொன்னார். "நாம கல்யாணத்துக்கு லுங்கியோட போவமா?" ஒரு இரவு, எல்லாரும் தங்களிடம் இருப்பதில் நல்லதை எடுத்து உடுத்தி வருகிறார்கள் என்றால் அந்தச் சாப்பாட்டுக்கே ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. உன்னிடம் இருக்கும் நல்லதை உடுத்தி வா என்று சொன்னால் சந்தோஷமாக வருவேன். உன் நல்லது நல்லதே இல்லை, எங்களுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டு வா என்றால் அந்தக் கப்பல் எனக்கு வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கப்பலுக்குள் இஸ்திரிப் பெட்டி கொண்டுபோக விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் பயம். காசு கொடுத்தால் அவர்களே தேய்த்துத் தருவார்கள், ஆனால் பட்டை அப்படிக் கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வேட்டியை நீளவாக்கில் மடித்து, தறியில் நெய்த துணியைச் சுற்றுகிற மாதிரியே ஒரு அட்டைக் குழாயில் சுற்றி, மேலே பழைய பருத்தி வேட்டியைப் போர்த்தி எடுத்து வந்தார், ஒரு சுருக்கம் விழவில்லை. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர சாயங்காலம் ஆகலாம், அதனால் பட்டு கைப்பையில் இருப்பது நல்லது. பயணத்தின் முதல் நாள் ராத்திரி ஃபார்மல் நைட் வைப்பது அரிது, அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களிலும் பெட்டி பிரிக்காத முதல் இரவுக்கு யாரும் அலங்கரித்துக்கொள்ளமாட்டார்களாம். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும், வேட்டிக்குப் பெல்ட் அவசியம். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் வார் வைத்த தோல் செருப்பு போதும். முக்கியமாக, ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல் கப்பல் நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள், பதிலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கருநீலக் கோட்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. விலை அட்டைகூடக் கிழிக்காமல் பீரோவில் தொங்குகிறது, 42 அளவு. கோட்டு கட்டாயமாகக் கேட்கிற இடத்துக்குப் போகவேண்டியவர் சேலத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளலாம்.